எம்ஜிபி காரில் இருப்பது எந்த கியர்பாக்ஸ், எது பொருந்தும்?

கேள்வி: 1966-ல் பதிவான எம்ஜிபி ரோட்ஸ்டர். என்ஜின் எண் 18வி என்று தொடங்குகிறது. டாஷ்போர்டில் ஓவர்டிரைவ் (அதே வேகத்தில் என்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர் அமைப்பு) சுவிட்ச் இருக்கிறது, போட்டால் எந்த மாற்றமும் இல்லை. உள்ளே இருப்பது எந்த கியர்பாக்ஸ் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஓவர்டிரைவ் உள்ள பெட்டி ஒன்று விலைக்கு வருகிறது, அது பொருந்துமா?

பதில்:

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். பதிவான ஆண்டை வைத்து கியர்பாக்ஸை முடிவு செய்யவே கூடாது. உங்கள் காரில் அது இன்னும் ஆபத்து. 18வி என்ஜின் 1971 வாக்கில்தான் வந்தது, 1966 கூட்டில் அது பிறந்திருக்க முடியாது. யாரோ என்ஜினை மாற்றியிருக்கிறார்கள். மாற்றியவர் கியர்பாக்ஸையும் சேர்த்து மாற்றினாரா, பழைய பெட்டியையே புது என்ஜினோடு பிணைத்தாரா என்பதுதான் கேள்வி. இந்த இரண்டுக்கும் வேண்டிய உதிரிகள் வேறு, வரக்கூடிய கோளாறுகளும் வேறு.

பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபி 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டனில் தயாரானது. நான்கு சிலிண்டர் எம்ஜிபியின் மேனுவல் பெட்டிகள் அடிப்படையில் இரண்டே வகை. 1967 இறுதியில் மார்க் 2 (இரண்டாம் பதிப்பு) வரும் வரை இருந்தது மூன்று சின்க்ரோ பெட்டி. முதல் கியருக்கு சின்க்ரோமெஷ் (கியர் மாற்றும்போது சுழலும் வேகங்களை ஒத்துப்போகச் செய்யும் அமைப்பு, சுருக்கமாக சின்க்ரோ) கிடையாது, அதன் பற்கள் நேராக வெட்டப்பட்டவை. மார்க் 2 முதல் நான்கு கியருக்கும் சின்க்ரோ உள்ள, உருவத்திலும் பெரிய பெட்டி. பழையதன் விகிதங்கள் 3.64, 2.21, 1.37, 1.00, ரிவர்ஸ் 4.76. புதியதில் முதல் கியர் 3.44, இரண்டாவது 2.17, மூன்றாவது 1.38, டாப் 1.00, ரிவர்ஸ் 3.1-ஐ ஒட்டியது. 1967 முதல் 1973 வரை போர்க் வார்னர் 35 ஆட்டோமேட்டிக்கும் விருப்பத் தேர்வாகக் கிடைத்தது. அது உங்கள் கேள்விக்கு வெளியே.

ஓவர்டிரைவ் எல்லாமே லேகாக் தயாரிப்பு. மூன்று சின்க்ரோ பெட்டியின் பின்னால் வருவது டி வகை, விகிதம் 0.802. நான்கு சின்க்ரோ பெட்டியின் பின்னால் வருவது எல்எச் வகை, விகிதம் 0.82. ஒன்றை மற்றதன் பெட்டியில் மாட்ட முடியாது. 3.909 பின் அச்சில் டாப் கியரில் 1000 சுற்றுக்கு 17.9 மைல் வேகம் கிடைக்கும். மணிக்கு 70 மைலில் என்ஜின் சுமார் 3,900 சுற்றில் ஓடும். டி வகை போட்டால் அது சுமார் 3,140-க்கும், எல்எச் போட்டால் சுமார் 3,200-க்கும் இறங்கும். நெடுஞ்சாலையில் எம்ஜிபி ஓட்டுகிறவர்கள் ஓவர்டிரைவை இவ்வளவு தேடுவது இதனால்தான்.

இனி உங்கள் காரில் இருப்பதைக் கண்டுபிடிக்கும் வழி. என்ஜின் எண் தகட்டிலிருந்து தொடங்குங்கள், ஆனால் அதை நம்பி நின்றுவிடாதீர்கள். பழைய எண்களில் 18ஜிபி-யு-எச் என்றால் ஓவர்டிரைவ் இல்லாத பெட்டி, 18ஜிபி-ஆர்யு-எச் என்றால் ஓவர்டிரைவ் உள்ளது. கடைசி எச் உயர் அழுத்த விகிதத்தைக் குறிக்கும். 18ஜிடி வந்தபோது டபிள்யூஇ என்பது நான்கு சின்க்ரோ, ஆர்டபிள்யூஇ என்பது நான்கு சின்க்ரோவோடு ஓவர்டிரைவ், ஆர்சி என்பது ஆட்டோமேட்டிக். 18வி தொடரில் எழுத்துக்குப் பதில் எண். 18வி-581-எஃப் சாதாரணப் பெட்டி, 582 ஓவர்டிரைவ், 583 ஆட்டோமேட்டிக். இவையெல்லாம் அந்த என்ஜின் தொழிற்சாலையை விட்டு வெளியேறியபோது அதனோடு இருந்த பெட்டியைச் சொல்கின்றன. இன்று அதன் பின்னால் என்ன தொங்குகிறது என்று சொல்வதில்லை.

கார் எப்படிப் பிறந்தது என்று அறிய கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தின் ஆவணக் காப்பகத்தில் ஹெரிட்டேஜ் சான்றிதழ் வாங்கலாம். சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால் தயாரான தேதி, முதல் என்ஜின் எண், தொழிற்சாலையில் சேர்த்த விருப்பப் பொருள்கள் ஆகியவை பதிவேட்டிலிருந்து வரும். உங்கள் டாஷ்போர்டு சுவிட்ச் அசலா, பின்னால் சேர்த்ததா என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. ஜிஎச்என்3 என்று தொடங்கும் சேஸிஸ் எண் மார்க் 1 ரோட்ஸ்டரைக் குறிக்கும். அப்படியானால் டனல் (கியர்பாக்ஸை மூடும் தரையின் மேடு) குறுகலானது. இந்த விவரம் கீழே மறுபடி வரும்.

இப்போது இரும்பைப் பார்ப்போம். பெட்டியை இறக்காமலே வகையைத் தெரிந்துகொள்ள ஒரு சோதனை இருக்கிறது. ஓட்டிப் பார்த்து முதல் கியரில் கரகரக்கிறதா என்று கேட்பதைவிட இது மேல். ஏனென்றால் தேய்ந்த நான்கு சின்க்ரோ பெட்டியும் கரகரக்கும். முன் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். பின் அச்சை உயர்த்தி இரு பக்கமும் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றுங்கள், கைபிரேக்கை விடுங்கள், ரிவர்ஸ் கியரைப் போடுங்கள். ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டிலும் (கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் தண்டு) கிராங்க் புல்லியிலும் சாக்பீஸால் குறியிடுங்கள். புல்லி நட்டில் ஸ்பானர் போட்டுச் சுழற்றி, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் சரியாக ஒரு சுற்றுச் சுற்றும்வரை என்ஜின் எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். நாலே முக்காலில் வந்து நின்றால் மூன்று சின்க்ரோ. மூன்றை லேசாகத் தாண்டி நின்றால் நான்கு சின்க்ரோ. இடைவெளி பெரியது என்பதால் எண்ணிக்கையில் சிறு பிசகு வந்தாலும் விடை மாறாது. முதல் கியரில் இதைச் செய்தால் 3.64-க்கும் 3.44-க்கும் உள்ள சிறு வித்தியாசத்தைப் பிடிக்கப் பத்துச் சுற்றாவது எண்ண வேண்டியிருக்கும், ஆகவே ரிவர்ஸையே பயன்படுத்துங்கள்.

ஸ்டாண்டில் நிற்கும்போதே கீழே படுத்து மற்றவற்றையும் பார்த்துவிடுங்கள். பெட்டியின் பின் பகுதியில் சொலினாய்டும் (மின்சாரம் வந்தால் இழுக்கும் சுருள்) வயரும் இருந்தால் ஓவர்டிரைவ் உண்டு. அடியில் பெரிய பித்தளை பிளக் இருந்தால் டி வகை. சிறு போல்ட்டுகளால் இறுக்கிய தட்டையான சம்ப் மூடி இருந்தால் எல்எச். எல்எச் உடலில் உள்ள பெயர்த் தகட்டின் நிறமும் முக்கியம். முந்தியது கறுப்பு, 1970-களின் நடுவில் வந்தது நீலம். ஸ்டார்ட்டரையும் கவனியுங்கள். முதுகில் சொலினாய்டு ஏறி உட்கார்ந்திருக்கும் ப்ரீ-என்கேஜ்டு ஸ்டார்ட்டர் என்றால் மார்க் 2 காலத்துத் தொகுதி. வெறும் உருளையாக இருந்தால் பழைய இனர்ஷியா வகை. டனலின் உள் சுவர்களில் சுத்தியல் அடி, வெட்டி ஒட்டிய வெல்டிங் தடம் ஏதாவது தெரிகிறதா? தெரிந்தால் குறுகிய டனலுக்குள் பெரிய பெட்டியை யாரோ நுழைத்திருக்கிறார்கள்.

பொருத்தம் பற்றி. கியர்பாக்ஸ் பொருந்துமா என்று கேட்பவர்கள் பெட்டியை மட்டும் பார்க்கிறார்கள். உண்மையில் ஏழு இணைப்புகள் ஒவ்வொன்றும் ஒத்துப்போக வேண்டும். என்ஜின் பின்தகடு, ஃப்ளைவீல், அதன் ரிங் கியர், ஸ்டார்ட்டர், கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் உள்ள ஸ்பிகாட் புஷ் (பெட்டியின் இன்புட் ஷாஃப்ட் முனையைத் தாங்கும் சிறு வளையம்), கிராஸ்மெம்பர் (பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டம்), ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட். இவற்றில் முதல் ஐந்தும் ஒரே குடும்பமாக வர வேண்டும். மூன்று சின்க்ரோ பெட்டியை 18வி என்ஜினோடு சேர்க்க வேண்டுமானால் 18ஜிபி-யின் பின்தகடு, ஃப்ளைவீல், இனர்ஷியா ஸ்டார்ட்டர் மூன்றும் வேண்டும். கூடவே தனியாகக் கடைந்த ஸ்பிகாட் புஷ்ஷும் வேண்டும். பின்னாள் கிராங்க்கின் துளையும் பழைய இன்புட் ஷாஃப்ட்டின் மூக்கும் வேறு வேறு அளவு. புஷ்ஷின் வெளி விட்டம் கிராங்க்குக்கும் உள் விட்டம் ஷாஃப்ட்டுக்கும் பொருந்த வேண்டும்.

அந்த புஷ்ஷில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் கலப்புக் கார்களில் அதிகம் சொதப்புவது அங்கேதான். புஷ் இல்லாமலோ தளர்வாகவோ போட்டால் இன்புட் ஷாஃப்ட்டின் முன்முனை பிடிப்பின்றி ஆடும். கிளட்சை மிதித்தவுடன் உறுமல் கேட்கும், பெட்டியின் முன் பேரிங் சீக்கிரம் போகும். இறுக்கமாகப் போட்டால் கிளட்சை முழுக்க மிதித்தாலும் ஷாஃப்ட் என்ஜினோடு சேர்ந்தே சுற்றும், ரிவர்ஸ் போடும்போது கரகரக்கும். உடனே மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர் எல்லாவற்றையும் மாற்றிப் பணத்தைத் தொலைப்பார்கள். பழைய புஷ்ஷை எடுக்கத் துளையில் கிரீஸை அடைத்து, உள் விட்டத்துக்குச் சரியாகப் பொருந்தும் தண்டு ஒன்றைச் சுத்தியலால் அடித்தால் கிரீஸின் அழுத்தமே புஷ்ஷைப் பின்னால் தள்ளிவிடும். புதியது எண்ணெய் உறிஞ்சும் வெண்கலம். போடுமுன் ஒரு நாள் என்ஜின் ஆயிலில் ஊறவிடுங்கள். பெட்டியைச் சேர்க்கும் முன் இன்புட் ஷாஃப்ட்டின் மூக்கைக் கையால் புஷ்ஷில் நுழைத்துப் பாருங்கள், பிடிக்காமலும் ஆடாமலும் சுற்ற வேண்டும். கிளட்ச் தட்டையும் அப்படியே ஸ்ப்லைனில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள்.

உங்களுக்கு விலைக்கு வரும் பெட்டி நான்கு சின்க்ரோ எல்எச் என்று வைத்துக்கொள்வோம். 18வி என்ஜினுக்கு அது இயல்பான ஜோடி. என்ஜின் பக்கம் எந்தச் சிக்கலும் இல்லை. சிக்கல் உடலில். மார்க் 1 டனலை அகலப்படுத்தாமல் அது உள்ளே போகாது, கிராஸ்மெம்பரும் வேறு. உங்கள் காரில் டனலை ஏற்கெனவே மாற்றியிருந்தால் தயங்காமல் வாங்குங்கள். நான்கு சின்க்ரோவில் ஓவர்டிரைவ் உள்ள பெட்டியும் இல்லாத பெட்டியும் ஒரே நீளம், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் மாறாது. டனல் இன்னும் அசலாக இருந்தால் அதை வெட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. கெடாத மார்க் 1 தளத்தை வெட்டுவது திரும்பப் பெற முடியாத இழப்பு. அதற்கு டி வகையோடு கூடிய மூன்று சின்க்ரோ பெட்டியைப் பொறுமையாகத் தேடுங்கள். அப்போது ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நீளத்தை ஊகிக்காமல் ஃப்ளாஞ்ச் முதல் ஃப்ளாஞ்ச் வரை அளந்து வாங்க வேண்டும். பெட்டிக்கு ஏற்பவும், பின் அச்சு பான்ஜோ வகையா குழாய் வகையா என்பதற்கு ஏற்பவும் அது மாறும்.

ரப்பர் பம்பர் காரிலிருந்து (பின்னாள் எம்ஜிபி) வரும் பெட்டி என்றால் பின் மவுண்ட்டும் கிராஸ்மெம்பரும் மாறியிருக்கும், இரண்டையும் பெட்டியோடு சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். எம்ஜிசி, வி8 (ஆறு, எட்டு சிலிண்டர் உறவுகள்) பெட்டிகளும் எம்ஜிபி என்ற பெயரிலேயே சந்தைக்கு வரும். அவற்றின் பெல் ஹவுசிங் உங்கள் என்ஜினுக்குப் பொருந்தாது, விகிதங்களும் வேறு. ஓவர்டிரைவ் இல்லாத பெட்டியை வாங்கிப் பிறகு ஓவர்டிரைவை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் நினைக்காதீர்கள். ஓவர்டிரைவ் பெட்டியின் மெயின் ஷாஃப்ட்டே வேறு, நடுவில் அடாப்டர் தட்டும் உண்டு. பெட்டியை முழுதாகப் பிரித்தால்தான் அது நடக்கும்.

ஃபோர்டு டைப் 9 ஐந்து கியர் பெட்டியை வைத்து விற்கும் மாற்றுத் தொகுப்புகளும் உண்டு. அதன் ஐந்தாவது கியர் 0.82, எல்எச் தரும் பலனே கிடைக்கும். முதல் கியர் 3.65 என்பதால் சீக்கிரம் தீர்ந்துவிடும். அசல் தன்மை முக்கியமில்லை என்றால் யோசிக்கலாம்.

ஸ்பீடோமீட்டரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மார்க் 2 காலத்து மீட்டர் மைலுக்கு 1280 கேபிள் சுற்றுக்கு அளவானது, 1970-களின் பிற்பாதியில் வந்தது 1000 சுற்றுக்கு. அந்த எண் முகப்பிலேயே சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும். கறுப்புத் தகட்டு எல்எச் 1280 மீட்டருக்கும் நீலத் தகட்டு 1000 மீட்டருக்கும் ஜோடி. மாற்றிப் போட்டால் பிழை சிறியதல்ல. நீலப் பெட்டியோடு 1280 மீட்டர் இருந்தால் 60 மைலில் போகும்போது முள் 47-ல் நிற்கும். சந்தேகமிருந்தால் மீட்டரின் பின்புறம் கேபிளைக் கழற்றி அதன் நுனியில் காகிதக் கொடி ஒன்றை ஒட்டுங்கள். நியூட்ரலில் காரை 52 அடி 9½ அங்குலம், அதாவது 16.09 மீட்டர் தள்ளுங்கள். அது ஒரு மைலில் நூறில் ஒரு பங்கு. கொடி பத்துச் சுற்றுச் சுற்றினால் 1000, பதின்மூன்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றினால் 1280.

உங்கள் ஓவர்டிரைவ் ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கு வருவோம். அடியில் ஓவர்டிரைவே இல்லை என்றால் கதை அங்கேயே முடிந்தது. டாஷ்போர்டு சுவிட்ச் மார்க் 1 காலத்தது, பழைய பெட்டி போனபின் சுவிட்ச் மட்டும் மிஞ்சியிருக்கலாம். இருந்தால் முதலில் எண்ணெய் மட்டம், அடுத்து மின்சாரம், ஹைட்ராலிக் கடைசி. இக்னிஷனைப் போட்டு, என்ஜினை ஓட்டாமல், நான்காம் கியரில் வைத்துச் சுவிட்சைத் தட்டினால் சொலினாய்டு சொடுக்கும் ஒலி கேட்க வேண்டும். நான்காம் கியர் ஏன் என்றால், இன்ஹிபிட்டர் சுவிட்ச் மூன்றிலும் நான்கிலும் மட்டுமே மின்சாரத்தை விடும். 1977 மாடல் முதல் நான்கில் மட்டும். ஓவர்டிரைவ் போட்டபடி ரிவர்ஸ் எடுத்தால் அதன் உள்பாகங்கள் உடையும், அதற்கான காவல்தான் இந்தச் சுவிட்ச். இது வேலை செய்யவில்லை என்று நேராக வயரைப் பிணைத்துவிடும் குறுக்குவழி பெட்டியைக் கொல்லும்.

ஒலி இல்லையென்றால் டெஸ்ட் லாம்ப்பால் சுவிட்ச், இன்ஹிபிட்டர், சொலினாய்டு என்று வரிசையாக மின்சாரத்தைத் தொடருங்கள். கிராஸ்மெம்பருக்கும் பெட்டிக்கும் நடுவே நசுங்கிய வயர் அடிக்கடி அகப்படும். டி வகையில் ரிலேவையும் பாருங்கள். அந்த சொலினாய்டு இழுக்கும் கணத்தில் 15 ஆம்பியருக்கு மேல் எடுக்கும், இழுத்து முடித்ததும் உள் தொடர்பு விலகிப் பிடித்துவைக்கும் சுருளுக்கு மாறும். லீவர் சரியாக அமையாமல் முழுதாக இழுக்காவிட்டால் பெரிய சுருளிலேயே மின்சாரம் நின்று சொலினாய்டு எரிந்துபோகும். லீவரைச் சரிபார்க்க ஒரு துளை வைத்திருக்கிறார்கள். சொலினாய்டு இழுத்த நிலையில் 3/16 அங்குலத் தண்டு ஒன்று லீவரின் துளை வழியாக உடலின் துளைக்குள் தடையின்றிப் போக வேண்டும். போகாவிட்டால் திருத்த வேண்டியது லீவரை, சொலினாய்டை அல்ல. இன்னொன்று: டி வகைக் கார்களில் வெற்றிட சுவிட்ச் உண்டு. ஆக்ஸிலரேட்டரை விட்டிருக்கும்போது ஓவர்டிரைவை அணைத்தால் உடனே விலகாது, மறுபடி மிதிக்கும்போதுதான் விலகும். அது பழுதல்ல, அப்படித்தான் வடிவமைத்தார்கள்.

சொடுக்குகிறது, ஆனால் வேகம் மாறவில்லை என்றால் வடிகட்டியைப் பாருங்கள். டி வகையில் பித்தளை பிளக்கோடு கம்பிவலை வெளியே வரும், எல்எச்சில் சம்ப் மூடிக்கு மேல் இருக்கும். வலையில் நுண்ணிய சாம்பல் நிறக் குழம்பு இயல்பு. மினுங்கும் செதில்கள் இருந்தால் ஓவர்டிரைவை மறந்துவிட்டு கியர்பாக்ஸ் பேரிங்குகளைப் பற்றி யோசிக்க வேண்டும்.

விலைக்கு வரும் பெட்டியை வாங்குமுன் பக்க மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மூன்று சின்க்ரோவில் முதல் கியரின் பல்முனைகளைப் பாருங்கள். சின்க்ரோ இல்லாததால் அவை உடைந்து மழுங்கும். அந்தப் பற்கள் முதல்-இரண்டாம் கியர் சின்க்ரோ ஸ்லீவின் வெளிப்புறத்திலேயே இருக்கின்றன, ஆகவே உடைந்தால் ஸ்லீவும் லே கியரும் (பெட்டியின் லே ஷாஃப்ட் என்ற துணைத் தண்டில் சுழலும் கியர் தொகுதி) சேர்ந்தே மாற வேண்டும். செலவு அங்கே ஏறும். இரண்டாம், மூன்றாம் கியர்கள் சுழலும் புஷ்களும் தேயும், கியரைக் கையால் அசைத்தால் ஆட்டம் தெரியும். இரு வகைப் பெட்டியிலும் பொதுவான பலவீனம் லே ஷாஃப்ட். ஊசி பேரிங்குகள் தேய்ந்து ஷாஃப்ட்டில் குழி விழும். ஓடும் காரில் 1, 2, 3-ல் உறுமி நான்கில் அடங்கினால் சந்தேகம் அங்கேதான். பிரித்துச் சேர்க்கும்போது லே கியரின் நீளவாட்டு ஆட்டம் 0.002 முதல் 0.003 அங்குலம் இருக்க வேண்டும், த்ரஸ்ட் வாஷரைத் தேர்ந்தெடுத்துச் சரிசெய்யலாம்.

எம்ஜிபியில் பெட்டியைத் தனியாகக் கீழே இறக்க முடியாது. என்ஜினோடு சேர்த்து முன்பக்கமாக மேலே தூக்க வேண்டும், அல்லது என்ஜினை எடுத்தபின் பெட்டியை எடுக்க வேண்டும். இரண்டும் வெளியே இருக்கும்போதே கிளட்ச், ரிலீஸ் பேரிங், ஸ்பிகாட் புஷ், கிராங்க்கின் பின் சீல், பெட்டியின் சீல்கள் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். உதிரியின் விலையைவிட மறுபடி தூக்கும் உழைப்பு பெரிது. சேர்க்கும்போது பெட்டியின் எடையைக் கிளட்ச் தட்டில் தொங்கவிடாதீர்கள், தட்டின் நடுப்பகுதி வளைந்துவிடும்.

எண்ணெய் 20டபிள்யூ-50 என்ஜின் ஆயில். பின் அச்சுக்கான ஹைப்பாய்டு எண்ணெய் வேண்டாம், அதன் சேர்மானங்கள் வெண்கலத்தை அரிக்கும். வழுக்கலைக் கூட்டும் சேர்மானங்களும் வேண்டாம், ஓவர்டிரைவின் கூம்புக் கிளட்ச் நழுவும். மூன்று சின்க்ரோவுக்கு ஓவர்டிரைவ் இல்லாமல் 2.56 லிட்டர். நான்கு சின்க்ரோவுக்கு 3 லிட்டர், ஓவர்டிரைவோடு 3.4 லிட்டர். டிப்ஸ்டிக் டனலின் மேல், கார்ப்பெட்டுக்கு அடியில் ரப்பர் மூடிக்குக் கீழே இருக்கும். பின்னாள் பெட்டிகளில் டிப்ஸ்டிக் இல்லை, பக்கவாட்டு பிளக் வழியாக நிரப்ப வேண்டும். புதிதாகப் போட்ட ஓவர்டிரைவ் காலியாக இருக்கும். முதலில் நிரப்பி, சில மைல் ஓட்டி, ஓவர்டிரைவைச் சிலமுறை போட்டு எடுத்து, காரைச் சமதளத்தில் சிறிது நேரம் நிறுத்தியபின் மட்டத்தை மறுபடி பார்த்துக் குறைந்ததை ஊற்றுங்கள்.